மகள் கைப் பால்

பெற்ற மகளை நர்சிங் படிக்க விடமாட்டேன் என்று ஜோதிமணி ஒற்றைக் காலில் நின்றபோது, அந்த லைன் வீட்டு வரிசையில் சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. சிரிக்கத்தானே செய்வார்கள்? நாற்பது வயதுக்கு மேல் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிப் போய், மகள் வயசுப் பெண்களோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, நர்சிங் அசிஸ்டெண்ட் படிப்பை முடித்து வந்தவள் அவள். ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் "இந்தாம்மா" என்று கூப்பிட்ட தெருமுனை மளிகைக்கடைக்காரர்கூட இப்போது "வாங்க சிஸ்டர்" என்கிறார். அப்படிப்பட்டவள், பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய ஒரே மகள் அனுப்ரியா "நானும் நர்சிங்தான் போவேன்" என்று சொன்னால் பூரித்துப் போக வேண்டுமா இல்லையா?

"பி.காம் படி. பேங்குக்குப் போ. டீச்சராப் போ. எந்தக் கம்பெனிக்கு வேணும்னாலும் போ. இது மட்டும் வேண்டாம்," என்றாள் ஜோதிமணி. ஏன் என்று கேட்டால், துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

"புள்ள தன்னவிடப் பெரிய நர்சா வந்துடுவாளோன்னு பொறாமையாட்டம் இருக்குது," என்று குழாயடியில் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. விழட்டும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பொறாமைக்காரி என்றாவது நினைத்துக்கொள்ளட்டும். உண்மைக் காரணம் அந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலையெல்லாம்.

ஜோதிமணிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மாடசாமிக்கு வாழ்க்கைப்பட்டு, தாலியில் மஞ்சள் காயும் முன்னே ஓசூருக்கு வந்து சேர்ந்தாள். அவன் சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தான். அவளும் கொஞ்ச நாளில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். சிவப்பு ஒயர் எங்கே, கறுப்பு ஒயர் எங்கே, எந்தக் கிளிப் எதற்குள் போகும் என்று நின்றுகொண்டே செய்கிற வேலை. பெயருக்குக் கான்ட்ராக்ட். ஆனால் அனு பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், பெரிய மனுஷியும் ஆன பிறகும் அவள் அதே லைனில்தான் நின்றுகொண்டிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு ஷிப்டில் இருந்தால், வாசலில் ஒருத்தர் நுழைய ஒருத்தர் வெளியேறுவார்கள். அப்படிப் போகிற போக்கில் பேசிய பேச்சுதான் அவர்களுடைய குடும்பப் பேச்சில் பாதி.

ஒருநாள் காலை ஷிப்டில் மாடசாமி மிஷின் பக்கத்திலேயே சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களில் ஒருத்தி மங்களூர்க்காரி, ஜோதிமணியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அவனைப் புரட்டி முதுகு துடைக்கும்போதும், விரல் நகத்தை வெட்டும்போதும், கன்னடத்தில் அவனிடம் ஏதோ பேசிக்கொண்டே செய்வாள். கண் திறக்காமல் கிடக்கிற ஆளிடம் இப்படிப் பேசுகிறாளே என்று ஜோதிமணிக்கு அதிசயமாக இருக்கும். அந்த நரகத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அந்தப் புரியாத பேச்சுதான். கடைசியில் பெரிய டாக்டர் கூப்பிட்டு, இனிமேல் இங்கே வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் மாடசாமி போய்விடவில்லை. நினைவுதான் இல்லையே தவிர மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து அவன் அண்ணனும் சொந்தக்காரர்களும் வேன் பிடித்து வந்தார்கள். அன்றைக்குப் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள்.

"உசுரு எதுக்கோ காத்துக்கிட்டுக் கெடக்கு தாயி. இப்படிப் போட்டு வதைக்கப்படாது. பால ஊத்தி வழியனுப்பிருவோம்," என்றார் அண்ணன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன் அவர். சாகக் கிடக்கிறவர் வாயில் பெற்ற பிள்ளை கையால் பால் விடுவது அவர்கள் குடும்பத்தில் விட முடியாத முறை. வாய் நனையாமல் ஒருத்தர் போனால் அதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த அனுப்ரியாவைக் குளிக்கவைத்து, அப்பா தலைமாட்டில் உட்காரவைத்து, எவர்சில்வர் தம்ளரைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளைக்குக் கை நடுங்கியது. ஜோதிமணி மகளின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள். பால் இறங்கியது. மாடசாமியின் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வந்தது. நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. உதடு நீலம் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

"பாத்தியா, மக கைப் பாலுக்குத்தான் இத்தன நாளு காத்துக் கெடந்திருக்கான்," என்று அண்ணன் அனுவின் தலையைத் தடவிக்கொண்டு கதறினார். துட்டிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். கொடுத்துவைத்த பிள்ளை என்றார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அனு எழுந்து நடமாடினாள், மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள். 'எங்கப்பா என் கையால பால் குடிச்சிட்டுத்தான் போனாரு' என்று அவள் சிநேகிதிகளிடம் சொல்வதை ஜோதிமணியே கேட்டிருக்கிறாள். அப்போது அது இதமாகத்தான் இருந்தது.

புருஷன் போன வருஷமே வேலையும் போனது. நாற்பதைத் தொட்டதும் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. பச்சை ஒயரும் நீல ஒயரும் ஒன்றுபோலத் தெரிந்தன. சூப்பர்வைசர் ஒன்றும் வைது விரட்டவில்லை. அடுத்த தடவை கேட் பாஸ் வரவில்லை, அவ்வளவுதான். அவள் நின்ற இடத்தில், போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். அந்தப் பெண்ணின் கண் மங்குகிற வரைக்கும் அவளும் நிற்பாள்.

வீட்டு வேலைக்குப் போகலாமா, டெய்லர் கடைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு டிரஸ்ட் நடத்தும் நர்சிங் அசிஸ்டெண்ட் பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டாள். வயது வரம்பு இல்லை, பிளஸ் டூ பாஸ் செய்திருந்தால் போதும். உடனே அவளுக்கு மங்களூர்க்காரி ஞாபகம்தான் வந்தது. அந்த மாதிரி ஒருத்தியாக இருந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. மாடசாமி போன பிறகு அவளுக்கு ஆசை என்று ஒன்று தோன்றியது அன்றைக்குத்தான்.

வகுப்பில் பெண்கள் முதலில் அவளை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அப்புறம் ஆன்ட்டி என்றார்கள். பாடம் எடுத்த லாவண்யா மேடத்துக்கு இருபத்தாறு வயது. அவள் ஜோதிமணியை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே தப்புக்கு அதட்டுவாள். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். ஜோதிமணிக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் சாயங்காலமானால் அனுதான் உரக்கப் படித்து, தமிழில் அர்த்தம் சொல்லி, மறுபடியும் கேள்வி கேட்பாள். அம்மா தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் அடிப்பது போல் ஓங்குவாள். அந்த வீட்டில் திரும்பவும் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். நோயாளிக்கு உணவு கொடுப்பது பற்றிய பாடம் வந்தபோது மட்டும் அனு கொஞ்சம் படித்துவிட்டு, "இது பரீட்சைக்கு வராதும்மா. என் ஃபிரண்டோட அக்கா சொன்னா," என்று பக்கத்தைத் தள்ளிவிட்டாள். ஒரு பாடம் குறைந்ததே என்று ஜோதிமணியும் விட்டுவிட்டாள்.

பரீட்சைக்கு வருமோ வராதோ, வகுப்பில் லாவண்யா மேடம் அந்தப் பாடத்தை எடுத்தாள்.

"மயக்கத்துல இருக்கறவங்களுக்கு வாய் வழியா என்ன குடுக்கலாம்?"

இளநீர் என்றது ஒரு பெண். குளுக்கோஸ் தண்ணி என்றது இன்னொன்று.

"ஒண்ணும் குடுக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணிகூட. நமக்கெல்லாம் முழுங்கும்போது மூச்சுக்குழாய் தானா மூடிக்கும். மயக்கத்துல இருக்கறவங்களுக்கு மூடாது. ஊத்தினது நேரா நுரையீரலுக்குப் போகும். அதுவே ஆளை முடிச்சிடும்." மேடம் பயிற்சிப் பொம்மையின் தொண்டையில் விரல் வைத்துக் காட்டினாள்.

"மேடம், எங்க ஊர்ல சாகப் போறவங்களுக்குப் பால் ஊத்துவாங்களே?" என்றாள் சாமல்பட்டிப் பெண் ஒருத்தி.

"அதான். பால் ஊத்தினதும் நிம்மதியாப் போயிட்டாருன்னு சொல்றாங்க இல்ல? ஊத்தினதாலதான் போறாரு," என்றாள் மேடம். பெண்கள் சிரித்தார்கள். மேடத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளைகள் மனதில் பதியட்டும் என்று சொன்னாள். பதியத்தான் செய்தது.

ஜோதிமணி எழுந்து வெளியே குழாயடிக்குப் போனாள். முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அந்தக் களகளச் சத்தம் காதில் கேட்டது. ஆனால் அவள் மனதில் முதலில் வந்தது மாடசாமியின் முகமில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்த அனுவின் சின்னக் கைதான் வந்தது. இது பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன ஆவாள்?

வகுப்பு கலைந்த பிறகு மேடத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மூளையில ரத்தம் கட்டி, பெரிய ஆஸ்பத்திரியிலயே வீட்டுக்கு அனுப்பிட்டாகன்னா, அப்படி ஆளு பால் ஊத்தாட்டியும் போயிருவாகதான மேடம்?"

"பேஷண்ட்டப் பாக்காம எப்படிம்மா சொல்றது? முக்காவாசிப் பேர் போயிடுவாங்க. சில பேர் எந்திரிச்சும் இருக்காங்க," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள் மேடம்.

சில பேர் எந்திரிச்சும் இருக்காங்க. முக்கால்வாசி என்ற சொல்லை ஜோதிமணியால் நினைவில் வைத்துக்கொள்ளவே முடியவில்லை. இந்தச் சில பேர்தான் வந்து வந்து நின்றார்கள். சோற்றில் கை வைத்தால் வந்தார்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வந்தார்கள். அந்தப் பாடம் பரீட்சைக்கு வராது என்று சொன்ன, முகம் தெரியாத யாரோ ஒரு அக்காவுக்கு அவள் மனதுக்குள் கும்பிடு போட்டாள். பரீட்சை முடிந்த அன்றே புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். அனு வந்து கேட்டதற்கு, இடத்தை அடைக்கிறது என்றாள்.

வேலை கிடைத்தது. சிஸ்டர் என்று ஊர் கூப்பிட்டாலும் அவள் உதவியாள்தான். ஊசி போடுவதெல்லாம் பெரிய படிப்புப் படித்த பெண்கள். மலம் அள்ளுவதும், புண் துடைப்பதும், படுக்கையோடு கிடக்கிறவர்களைப் புரட்டிப் போடுவதும் இவள் பாடு. பிரஸ் மிஷினில் விரல்களைக் கொடுத்துவிட்டு வருகிற ஒடிசாப் பையன்களின் கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வதும் இவள்தான். அவர்கள் 'மா, மா' என்று அழுவதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. செத்துப்போனவர்களின் தாடையைத் துணியால் கட்டுவாள், கண்ணை மூடிவிடுவாள். மங்களூர்க்காரி மாதிரி பேச வேண்டும் என்று ஆசைப்பட்டவள், முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டாள், அப்படிப் பேசாவிட்டால் அந்த வேலையைச் செய்யவே முடியாது என்று. வேலையை அவள் வெறுக்கவில்லை. ஆனால் நினைவில்லாத ஒவ்வொரு நோயாளியையும் பார்க்கும்போது, இவர் முக்கால்வாசியா, சில பேரா என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். எழுந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்து வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஜோதிமணிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்த லட்சணத்தில்தான் அனு நர்சிங் படிக்கப் போகிறேன் என்றாள். முதல் வருஷத்திலேயே அந்தப் பாடம் வரும். எந்த மேடமாவது பொம்மையின் தொண்டையில் விரல் வைத்துக் காட்டுவாள். பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் தன் பிள்ளை உட்கார்ந்திருப்பதை ஜோதிமணியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிள்ளை தன்னை எவ்வளவு வைதாலும் சரி, வாழ்நாள் முழுக்கப் பேசாமல் போனாலும் சரி, விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ஒரு வாரமாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரியில் அப்போது ஆஞ்சப்பன் என்று ஒருவர் சேர்ந்திருந்தார். சானமாவுக் காட்டை ஒட்டிய ஊரில் தக்காளி, முட்டைக்கோஸ் போடுகிற விவசாயி. வயிற்றுப்போக்கில் உடம்பிலுள்ள உப்பெல்லாம் இறங்கி நினைவு தப்பிவிட்டது. யானை தோட்டத்துக்குள் இறங்கியிருந்ததால் விடிகிற வரைக்கும் வண்டி எடுக்க முடியவில்லை, தூக்கி வருவதற்குள் மோசமாகிவிட்டது. உப்பை மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும், இரண்டு மூன்று நாள் போகட்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். டாக்டர் வாயில் அது ஒரு அர்த்தம். கேட்டவர்களுக்கு வேறு அர்த்தம். எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னால் ஊருக்குச் சொல்லி அனுப்பு என்றுதான் நம் ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் மதியத்துக்குள் அந்த அறை வாசலில் ஒரு டெம்போ ஜனம் நின்றது.

அந்த நேரம் ஜோதிமணி இன்னொரு நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு கீழே போயிருந்தாள். அவரை அங்கே விட்டுவிட்டு, காலி ஸ்ட்ரெச்சரோடு மேலே வரும்போது ஆஞ்சப்பன் அறையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் கூச்சல் கேட்டது. ஸ்ட்ரெச்சரை வராந்தாவிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

தரையில் பால் சிந்திக் கிடந்தது. தம்ளர் கட்டிலுக்கடியில் உருண்டு நின்றது. ஆஞ்சப்பனின் மகள் ஜெயப்ரியா, கல்யாணமாகி மஞ்சள்கூட மங்காத பெண், வெறும் கையோடு விக்கித்து நின்றாள். அவளுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். அது அனு. அம்மா விட்டுவிட்டு வந்த சாப்பாட்டுப் பை அவள் தோளில் தொங்கியது.

"யார்ரீ நீ? எங்கப்பனுக்குப் பால் ஊத்தறத இன்னாத்துக்குத் தட்டிவிட்ட?" என்று ஆஞ்சப்பனின் மகன் சின்னராஜ் கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"ஊத்தாதீங்க!" அனுவின் குரல் கீச்சிட்டது. "மயக்கத்துல இருக்கறவருக்கு முழுங்கத் தெரியாது. நேரா நுரையீரலுக்குப் போயிடும். கொர்ருன்னு சத்தம் வரும், உதடு நீலமாயிடும், செத்துடுவாரு. பால்னாலதான் செத்துடுவாரு. எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கு நான்தான் ஊத்தினன்."

வாசலில் நின்ற ஜோதிமணி நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயப்ரியா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு புடவையில் வைத்து அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

ஜோதிமணி உள்ளே நுழைந்தாள். அந்தப் பெண் சொன்னது சரிதான், யாரும் எதுவும் வாயில் விடக் கூடாது என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பினாள். டாக்டர் வந்து அவரும் சத்தம் போட்டார். "வாய் நனையாம எங்கப்பன் போகட்டும், அப்பறம் பேசிக்கறன் உங்கள," என்று சின்னராஜ் சொல்லிவிட்டுப் போனான். ஆஞ்சப்பனின் மனைவி ரங்கம்மா மட்டும் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

ஜோதிமணி மகளைக் கையைப் பிடித்து மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனாள். துவைத்துக் காயப்போட்ட பெட்ஷீட்டுகளுக்கு நடுவில் இருவரும் நின்றார்கள்.

"எப்பட்டி தெரியும் உனக்கு?"

"பாடம் படிச்சுக் காட்டறப்பவே."

"வராத பாடம்னியே..."

"வராதுன்னு யாரும் சொல்லல. நான்தான் தள்ளிவிட்டன். நீ தாங்க மாட்டேன்னு."

ஜோதிமணி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் இந்தப் பிள்ளைக்குத் தெரியக் கூடாதென்று அவள் பூட்டிப் பூட்டி வைத்ததை, இந்தப் பிள்ளை அவளுக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு, அவளுக்குத் தெரியாமல் பூட்டி வைத்திருக்கிறது. மறைத்தவள் தான் மட்டும்தான் என்று நினைத்து, என்ன பெருமையாகப் பாரம் சுமந்தாள்! பதினாறு வயதில் அனு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, குரல் மாறாமல் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று எவ்வளவு யோசித்தும் ஜோதிமணிக்கு ஞாபகம் வரவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நெஞ்சு வெந்தது.

"பின்ன எதுக்குட்டி இந்தப் படிப்பே வேணும்னு நின்ன? தெரிஞ்ச பொறவும்?"

"தெரிஞ்சதாலதாம்மா," என்றாள் அனு. ஜோதிமணி பாதி உலர்ந்த பெட்ஷீட் ஒன்றில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்கு இறங்கிப் போனாள். ஸ்ட்ரெச்சர் வராந்தாவிலேயே நின்றது.

ஆஞ்சப்பன் பிழைத்துக்கொண்டார். உப்பு ஏற ஏற முதலில் விரல் அசைந்தது, பிறகு கண் திறந்தது, பிறகு தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. வீட்டு ஜனம் அதைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். கொடுத்தவள் ஜோதிமணிதான். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவர் தொண்டை ஏறி இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். களகளச் சத்தம் வரவில்லை. பால் போக வேண்டிய வழியில் போனது. சரியாகக் கொடுத்தால் இவ்வளவுதான் விஷயம். அந்த ஸ்பூனைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

வீட்டுக்குப் போகிற நாளில் ரங்கம்மா விடாப்பிடியாக அனுவை வரவழைத்தாள். சின்னராஜ் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெட்டி தக்காளி கொண்டுவந்து வைத்தான். ரங்கம்மா அனுவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கைதான் தாயி என் தாலிய காப்பாத்துச்சு. இந்தக் கை நல்லா இருக்கணும்."

அனுவின் முகம் செத்துப்போயிற்று. அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ரங்கம்மா விடுகிற வரைக்கும் நின்றுவிட்டு, அப்புறம் மெல்ல அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

டவுன் பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். சிப்காட் ஷிப்ட் விட்டிருந்தது, நிற்க இடமில்லாத கூட்டம்.

"அப்பாவும் எந்திரிச்சிருப்பாராம்மா?"

இந்தக் கேள்வி வருமென்று ஜோதிமணி பதில் தயார்செய்து வைத்திருந்தாள். "அவருக்கு உப்பு எறங்கினது. உங்கப்பாவுக்கு ரத்தம் கட்டினது. ரெண்டும் ஒண்ணில்லட்டி. அப்பா எப்படியும் போயிருப்பாக." நர்ஸ் குரலில் சொல்லப் பார்த்தாள்.

அனுவின் துப்பட்டாவுக்குள் கை அப்படியே இருந்தது.

ஜோதிமணிக்குப் பொறுக்கவில்லை. கண்டக்டர் நெருக்கிக்கொண்டு போன பிறகு மகள் காதோரம் குனிந்தாள். "நீ தம்ளரப் பிடிச்ச, அவ்வளவுதான். உன் கை நடுங்குச்சு. மேல கை வச்சுச் சாச்சது நானு. என் கைதான் ஊத்துச்சு. உன் கை ஊத்தல."

அனு திரும்பி அம்மாவை வெறித்துப் பார்த்தாள்.

"நீயா சாச்ச?"

"நான்தான்."

"அன்னிக்கு வேண்டாம்னு தடுக்கத்தான் நீ என் கையப் பிடிச்சேன்னு நெனச்சிட்டிருந்தன்," என்றாள் அனு. உதடு கோணியது. "உன் கையையும் மீறி நான்தான் சாச்சிட்டன்னு... இத்தன நாளா."

ஜோதிமணி இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு துப்பட்டாவுக்குள் கையை விட்டு, பிள்ளையின் கையைத் தேடிப் பிடித்தாள். குளிர்ந்து போயிருந்தது. அன்றைக்குத் தம்ளரோடு சேர்த்துப் பிடித்தது போலவே, மேலே தன் கையை வைத்து இறுக்கினாள்.

"எந்தக் காலேஜ்ல சேரணும்ங்கிற?" என்று கேட்டாள்.

அனு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து நின்றுகொண்டு வந்த பெண்கள், அம்மாவையும் மகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.